பவுனு விழுந்த இடம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், தங்கங்களா. அந்தப் பக்கம் இருப்பவர்களும் நகர்ந்து வாருங்கள், மின்விசிறிக் காற்று எல்லோருக்கும் வரட்டும். கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டேன். இன்றைக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். இதில் பேய் வராது, கொலை வராது. ஆனாலும் நடுவில் எங்கேயாவது மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் கிட்ட வரச் சொன்னேன்.

இது இனிமேல் வரப்போகிற காலத்தில் நடக்கிற கதை. ஆனால் நடந்து முடிந்ததுபோல்தான் சொல்வேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு வாயில் வரும்.

சென்னையின் தெற்கே, சதுப்பு நிலத்தை ஒட்டி, பவளமல்லி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. ஐந்து மாடி. பூச்சு உதிர்ந்தாலும் வருடாவருடம் பெயின்ட் அடித்து மானமாக வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் மழை வந்தால் சும்மா போகாது. தரைத்தளத்தில் கார்கள் மிதக்கும், சுவரில் பாசி ஏறும், எங்கேயாவது ஒரு கட்டடம் மண்ணுக்குள் உட்காரும். இழப்பீடு கொடுத்துக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட இன்சூரன்ஸ் கம்பெனிகள், கடைத்தெருவில் ஷட்டரை இறக்குவதுபோல ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. அரசாங்கமோ, காப்பீடு இல்லாத கட்டடத்தை நம்ப மாட்டேன் என்று சட்டம் போட்டுவிட்டது. காப்பீடு இல்லையென்றால் லிஃப்டுக்கு சீல். குழாய்த் தண்ணீர் நிற்கும். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி, மொத்தப் பணத்தையும் உடனே கட்டு என்று சொல்லும். ஆள் இருக்கும்போதே கட்டடம் செத்துப்போகும்.

பவளமல்லியின் சங்கச் செயலாளர் சம்பந்தம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒழுங்கு பார்க்கிற மனிதர், செருப்பைக்கூட நேராகத்தான் விடுவார். ஏறாத கம்பெனி வாசல் இல்லை என்று ஏறி இறங்கினார். கடைசியில் டைட்டஸ் என்கிற தரகர்தான் வீடு தேடி வந்தார்.

"மார்க்கெட்டே இல்ல சார்," என்றார் டைட்டஸ், சோபாவில் சரிந்து உட்கார்ந்து. "காசிமேட்டுல படகு எல்லாம் வெறுங்கையா திரும்பின நாள்ல மீன் வாங்கப் போயிருக்கீங்களா? அதான் இப்ப நெலம. ஒரே ஒரு கம்பெனி மிச்சம் இருக்கு. அவங்க சொல்றதுதான் வெல, அவங்க சொல்றதுதான் கண்டிஷன்."

"என்ன கண்டிஷன்?"

"காது வைப்பாங்க சார். ஒவ்வொரு தூணுலயும். கேஸ் கசியற சத்தம், பைப்பு ஒழுகற சத்தம், யாராவது படியில தடுக்கற சத்தம், எல்லாம் கேக்கும். ஆபத்துன்னா கேஸ் குழாயத் தானே மூடிடும். அத வெச்சு இந்தக் கட்டடம் எவ்ளோ ஆபத்துன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் வெல போடும். வாசல் தூணுல ஒரு விளக்கு எரியும். பச்சைன்னா நல்லது. மஞ்சள்னா உஷார். செவப்பு மாறாமலே இருந்துச்சுன்னா காப்பீடு கட்."

காபி கொண்டுவந்த சம்பந்தத்தின் மனைவி குமுதவல்லி நின்றுவிட்டாள். "நாங்க பேசறதுமா கேக்கும்?"

"கேக்கும் மேடம். ஆனா பயப்படாதீங்க. கட்டடத்துக்குள்ள கேட்டதை எங்கயும் சாட்சியா காட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஜனங்க ரோட்டுல உக்காந்து போராடி வாங்கின சட்டம். வெல போடறதுக்கு மட்டுந்தான் அது கேக்கலாம்."

"எல்லாத்தையும் கேட்டுக்கும், வெளிய சொல்லாது, மனசுல வெச்சுக்கும். சரிதான், எங்க மாமியார் மாதிரி."

டைட்டஸ் சிரித்ததில் காபி சட்டையில் சிந்தியது. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அந்தக் காதுகளுக்கு மாமியார் என்றே பெயராகிவிட்டது.

சம்பந்தம் மட்டும் சிரிக்கவில்லை. "யாருக்காவது அடிபட்டா?"

"காம்பவுண்டுக்குள்ள யாருக்கு அடிபட்டாலும் கட்டடம்தான் பொறுப்பு சார். வேலைக்கு வர்றவங்களா இருந்தாலும் சரி, கூரியர் பையனா இருந்தாலும் சரி. ஆஸ்பத்திரி செலவு, உழைக்க முடியாமப் போனா அதுக்கு, எல்லாத்தையும் கம்பெனி குடுக்கும். ஆனா…" டைட்டஸ் விரலை ஆட்டினார். "மொத வருஷம் யாரும் நஷ்டஈடு கேட்டு வரக் கூடாது. வந்தா செவப்புதான். அடுத்த கம்பெனிக்குப் போலாம்னா, அடுத்த கம்பெனி கெடையாது."

பாலிசி வந்த காலையில் பவளமல்லியில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மூன்றாம் மாடி ரிஸ்வானா வாசலில் நின்று பச்சை விளக்கைப் பார்த்து அழுதேவிட்டாள். அவளுடைய அத்தை, அதாவது கணவனைப் பெற்றவர், ஆக்ஸிஜன் குழாயோடு படுக்கையில் இருந்தார். லிஃப்ட் நின்றால் அவரை ஆஸ்பத்திரிக்கு இறக்க வழி கிடையாது. மேல்மாடி தணிகைவேலுக்குக் கழுத்தளவு வீட்டுக் கடன். அவர் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கி வந்தார்.

"சுத்துவட்டாரத்துல நமக்கு மட்டுந்தான் கெடைச்சிருக்கு," என்றார் சம்பந்தம். "கண்ணு பட்டுடும். ஒரு பூசணிக்காய் சுத்தி ஒடைச்சிடலாம்."

பூசணிக்காயை வழக்கமாகத் தெருவில்தானே உடைப்போம்? ஆனால் தெருவில் உடைத்தால் வண்டிகள் வழுக்குகின்றன என்று மாநகராட்சி அபராதம் போட ஆரம்பித்திருந்தது. சம்பந்தம் விதியை மீறாத மனிதர் அல்லவா? கேட்டுக்கு உள்ளே, கார் ஏறுகிற வழவழப்பான சரிவில் உடைக்கலாம் என்று முடிவு செய்தார். காயைக் குடைந்து, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, வாசல் தூணை மூன்று சுற்று சுற்றினார். விளக்குக்குத் திருஷ்டி கழித்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். ஓங்கிப் போட்டார். காய் சிதறியது. பிள்ளைகள் சில்லறைக்குப் பாய்ந்தார்கள்.

"பவுனு! சீக்கிரம் தண்ணி ஊத்திக் கழுவு, மாமியாருக்குக் கோவம் வந்துடப்போவுது!" என்று மேலிருந்து யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

பவுனுதான் அந்தக் கட்டடத்தின் படிகளைக் கூட்டித் துடைப்பவள். குமுதவல்லி வீட்டில் சமையலும் அவள்தான். புருஷன் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். எல்லா வீட்டுச் செய்தியும் அவள் வாயில் இருக்கும், ஆனால் ஒரு வீட்டுச் செய்தி இன்னொரு வீட்டுக்குப் போகாது. "ஏன் சாமி, கண்ணு படக்கூடாதுன்னு ஒடைச்சீங்க, இப்ப என் முதுகு ஒடையணுமா?" என்று சம்பந்தத்தைக் கிண்டலடித்துக்கொண்டே வாளியோடு வந்தாள். குங்குமம் கலந்த சதையில் வலது கால் பட்டது. வாளி ஒரு பக்கம் உருண்டது. அவள் இடுப்பு அடிபட விழுந்தாள். காய்ந்த முருங்கைக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

விளக்கு மஞ்சளானது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். அங்கே அத்தனை பேர் இருந்தும் யாரும் "ஐயோ" என்று சொல்லவில்லை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மாமியார் கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தம் உதட்டில் விரலை வைத்தார். தணிகைவேல் கண்ணால் கேட்டைக் காட்டினார். அந்த ஜாடை எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். இடுப்பு முறிந்த பெண்ணைத் தூக்கி அதில் உட்காரவைத்தார்கள். பவுனு அலறினாள். அந்த இடத்தில் கேட்ட ஒரே மனிதக் குரல் அதுதான். அப்படியே நாற்காலியோடு கேட்டைத் தாண்டித் தூக்கிப்போய்த் தார் ரோட்டில் இறக்கினார்கள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் எல்லோருக்கும் பேச்சு வந்தது. "ஆம்புலன்ஸைக் கூப்பிடு!" "தண்ணி குடு!" "தலையப் புடி!"

குமுதவல்லி பவுனின் தலையை மடியில் தாங்கி, காதோடு காதாகச் சொன்னாள்: "பவுனு, ரோட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு. இல்லன்னா நம்ம கட்டடமே போயிடும்மா. நாங்க எல்லாரும் பாத்துக்கறோம். நான் இருக்கேன்."

"சரிம்மா… சரிம்மா… வலிக்குதும்மா."

ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டாள், "எங்க விழுந்தீங்க?"

பவுனு குமுதவல்லியைப் பார்த்தாள். "ரோட்டுல."

ரோட்டுக்கு யார் காப்பீடு எடுக்கிறார்கள்? சம்பந்தம் தானே துடைப்பம் எடுத்துச் சரிவைத் தேய்த்துக் கழுவினார். துளி குங்குமம் மிச்சமில்லை. அவர் நிமிர்ந்தபோது விளக்கு பச்சையாக இருந்தது.

பாத்துக்கறோம் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணுகளா. முதலில் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். வீட்டுக்கு வீடு பணம் போட்டார்கள், குமுதவல்லி சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டு மாற்ற அந்தப் பணம் போதவில்லை. பொது ஆஸ்பத்திரியில் அந்த மழைக்காலத்தில் முறிந்த கை கால்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. அவள் முறை வருவதற்குள் எலும்பு தானாகக் கோணலாகக் கூடிக்கொண்டது. பவளமல்லியில் போடுகிற கைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்கள்.

ஒருநாள் பவுனு கைத்தடியோடு வேலைக்கு வந்துவிட்டாள். ஒரு கால் சின்னதாகிவிட்டதால், நடக்கும்போது ஒரு அடி பலமாக விழும், ஒரு அடி இழுபடும். இரண்டு மாடி துடைத்து முடிப்பதற்குள் வாசல் விளக்கு மஞ்சளானது. தடுமாறி நடக்கும் ஒருவர் வளாகத்தில் இருக்கிறார், விழ வாய்ப்பு அதிகம் என்று சம்பந்தத்தின் செல்போனுக்குச் செய்தி வந்தது. அவர் அதை மனைவியிடம் காட்டினார். குமுதவல்லிதான் போய்ச் சொன்னாள்.

"கொஞ்ச நாளு ரெஸ்ட் எடேன் பவுனு."

பவுனு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "என் நடையும் ஒத்துக்கலையாமா அதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

வருடம் முடிகிற சமயம் டைட்டஸ் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார்.

"அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க! அடுத்த வருஷத்துக்குப் பிரீமியம் பாதிக்கும் கீழ. இந்த ஏரியாவுலயே முதல் தரக் கட்டடம் உங்களுதுதான்."

சம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குமுதவல்லிக்குத்தான் உறுத்தியது. "பூமி தாழ்ந்துதான் கெடக்கு. மழைக்குத் தண்ணி உள்ள வந்துச்சு. பைப்பெல்லாம் பழசு. எப்பிடி வெல கொறையும்?"

டைட்டஸ் மைசூர்பாகைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து பால்கனிக் கதவைத் திறந்து, வெளியே, தூண்களின் காது எட்டாத கைப்பிடியோரம் போய் நின்றார். இருவரும் பின்னால் போனார்கள்.

"உங்க வேலைக்கார அம்மா விழுந்தாங்கள்ல? அது கேட்டுச்சு மேடம். பூசணிக்காய் ஒடைஞ்சது, அந்தம்மா விழுந்தது, நாற்காலிய இழுத்தது, எல்லாம். ரோட்டுல நீங்க சொன்னதுகூட வாசல் தூணுக்குக் கேட்டிருக்கும்."

குமுதவல்லி அவர் பக்கம் திரும்பினாள். "அப்புறம் ஏன் பணம் குடுக்கல?"

"பணம் கேக்காதவங்களுக்கு ஏன் குடுக்கணும்? அது கேட்டதைச் சாட்சியாவும் காட்ட முடியாது, அதான் நாம வாங்கின சட்டமாச்சே. அதனால கம்பெனி ஒண்ணு கத்துக்கிச்சு மேடம். கட்டடம் எவ்ளோ ஆபத்துன்னு பாத்தா நஷ்டம்தான் வருது. எல்லாக் கட்டடமும் ஆபத்துதான். அடிபட்டவங்கள எந்தக் கட்டடம் வாயத் தொறக்க விடாம வெச்சிருக்கும்னு பாத்தா, லாபம் வருது. இப்ப அது வெல போடறது அதுக்குத்தான். அன்னிக்கு அத்தனை பேர் நின்னும் ஒரு சத்தம் வரலியாமே? ஆபீஸ்ல ஆச்சரியப்பட்டாங்க. அந்த மாதிரி ஒத்துமை எங்கயும் கெடையாதாம்."

சம்பந்தம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். அப்புறம், "எல்லாம் நல்லதுக்குத்தான்," என்றார். எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இப்பக் கேட்டா குடுப்பாங்களா?" என்றாள் குமுதவல்லி.

"வருஷம் முடியல. கேக்கலாம். அந்தம்மா வாயால கேக்கணும். குடியிருக்கறவங்க ஆமான்னு சொல்லணும். பாதிக்கு மேல சொன்னாப் போதும்." டைட்டஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "யாரு சொல்லப்போறா மேடம்?"

மறுநாள் குமுதவல்லி பவுனைத் தேடிப் போனாள். பவுனு இருந்தது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், தரைத்தளத்தில். எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்காத கட்டடம், குழாயில் தண்ணீர் வராது, லாரித் தண்ணீர்தான். மாமியாரும் கிடையாது. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, ஓட்டலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். குமுதவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். பவுனு பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்ப நான் வாயத் தொறக்காததுக்கு உங்களுக்கு வெல கொறைஞ்சிருக்கு."

"ஆமா பவுனு."

"நல்லாருக்கும்மா இது. கால் எனக்கு ஒடைஞ்சது, தள்ளுபடி உங்களுக்கு."

"நீ கேளு. நான் சாட்சி சொல்றேன். பணம் வந்தா மறுபடியும் ஆபரேஷன் பண்ணலாம். ஒடைச்சுச் சேத்தா நேராவும்னு டாக்டர் சொன்னாரே."

"அன்னிக்கும் நீங்கதான் என் காதுல சொன்னீங்க. நான் இருக்கேன்னு."

குமுதவல்லி தரையில் உட்கார்ந்து ஒரு முழுப் பூண்டை எடுத்து உரித்து முடித்தாள். அப்புறம் பவுனு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கம்பெனிக்குப் போன் போட்டுக் குடுங்க," என்றாள். போனில் நிதானமாகச் சொன்னாள்: "என் பேரு பவுனம்மா. நான் ரோட்டுல விழல. கேட்டுக்கு உள்ள விழுந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் நிறுத்துகிற தரைத்தளத்தில் சங்கக் கூட்டம். சாட்சி கேட்க டைட்டஸ் வந்து வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு மஞ்சளாக எரிந்தது. பவுனின் போன் வந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

குமுதவல்லி எழுந்தாள். "பவுனு நம்ம சரிவுலதான் விழுந்தா. நான் பாத்தேன். பூசணிக்காய் மேல கால் வெச்சா. நாமதான் அவள வெளிய தூக்கிட்டுப் போனோம். ரோட்டுல விழுந்தேன்னு சொல்லச் சொன்னது நான்."

விளக்கு சிவப்பானது. அந்தச் சிவப்பு எல்லோர் முகத்திலும் அடித்தது.

"என்ன பேசறீங்க மேடம்!" தணிகைவேல் எகிறினார். "நான் அன்னிக்கு இங்கதான் இருந்தேன். அந்தம்மா உள்ளயே வரல. ரோட்டுலதான் விழுந்தாங்க."

சிவப்பு லேசாக நடுங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

"ஆமா, ரோட்டுலதான்," என்றார் முதல் மாடிக்காரர்.

"நானும் பாத்தேன், ரோட்டுலதான்," என்றது இன்னொரு குரல்.

ஒவ்வொரு குரலுக்கும் சிவப்பு வெளிறியது. பள்ளிக்கூடத்தில் வருகை சொல்வதுபோல வரிசையாக எழுந்து எழுந்து சொன்னார்கள். ரிஸ்வானாவின் முறை வந்தது. அவள் குமுதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அத்தைக்கு லிஃப்ட் வேணும் ஆன்ட்டி," என்று அழுதாள். அப்புறம் தூணைப் பார்த்து, "ரோட்டுலதான்," என்றாள். பிடித்த கையை அவள் விடவேயில்லை.

விளக்கு மஞ்சளில் வந்து நின்றது. அதற்கு மேல் இறங்கவில்லை.

டைட்டஸ் தொண்டையைக் கனைத்தார். "பாதிக்கு மேல இல்லன்னு சொல்லியாச்சு, அந்தம்மா பணம் கேட்டது தள்ளுபடி ஆயிடும். ஆனா வீட்டுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருந்தா பச்சை வராது. செயலாளர் நீங்க என்ன சொல்றீங்க சார்? மேடம் சொன்னதுக்கு?"

சம்பந்தம் எழுந்தார். சட்டையை இழுத்து நேராக்கினார். மனைவியைப் பார்க்கவில்லை.

"குமுதா எது சொன்னாலும் பொய் சொல்ல மாட்டா," என்றார். குமுதவல்லி நிமிர்ந்தாள். அவர் மேலே சொன்னார்: "ஆனா கொஞ்ச நாளாவே அவளுக்கு மறதி. பேரு மாறிப்போவுது, எடம் மாறிப்போவுது. அவ நெனச்சுச் சொல்றா. நடந்தது அது இல்ல."

விளக்கு பச்சையானது. யாரோ கை தட்டினார்கள், பிறகு வெட்கப்பட்டு நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குமுதவல்லி பழக்கத்தில் அடுக்களைக்குள் போய் அடுப்பைத் திருகினாள். பற்றவில்லை. கேஸ் குழாய்க்குள் ஏதோ மூடிக்கொள்கிற சின்னச் சத்தம் கேட்டது. சம்பந்தத்தின் செல்போனுக்குச் செய்தி வந்தது: மறதி உள்ள ஒருவர் இந்த வீட்டில் இருப்பதால், பாதுகாப்பு கருதி, அவர் தனியாக அடுக்களையில் இருக்கையில் அடுப்பு எரியாது.

"அது… அது நான் டைட்டஸ்கிட்ட சொல்லி சரிபண்றேன் குமுதா," என்றார் அவர். "கட்டடத்தக் காப்பாத்தணும்ல? உன்னையும் சேத்துத்தானே காப்பாத்தினேன்?"

அவள் ஒரு பையில் நாலு புடவையை வைத்தாள். மாத்திரை டப்பாவை வைத்தாள். அவர் செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"எங்க போற?"

"ஞாபகம் இல்லைங்க," என்றாள் குமுதவல்லி.

லிஃப்டில் ஏறவில்லை. படியில் இறங்கினாள்.

வாரியக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பவுனு அப்போதுதான் பூண்டுத் தோலையெல்லாம் கூட்டித் தள்ளி, தடியை ஊன்றிக்கொண்டே வாசலைக் கழுவிவிட்டிருந்தாள். பையோடு நிற்பவளைப் பார்த்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யாராவது நம்புனாங்களா?"

"எல்லாருக்கும் தெரியும் பவுனு. யாரும் சொல்லல."

"உங்க வீட்டு சாரு?"

இல்லை என்று குமுதவல்லி தலையை அசைத்தாள். பணம் வராது, ஆபரேஷன் இல்லை, இந்தக் கால் இனி இப்படித்தான் என்பதைப் பவுனு அந்த நிமிடத்தில் கணக்குப் போட்டிருப்பாள். குமுதவல்லியை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டினாள்.

"உள்ள வாங்க. வாசல்ல ஈரமா இருக்கும்மா, பாத்து. என் கையப் புடிச்சுக்குங்க."

இதோடு முடிந்தது, தங்கங்களா. அழுகிறவர்கள் அழுங்கள், இங்கே யாரும் விலை போட மாட்டார்கள். எழுந்து போவதற்கு முன்னால் நான் சொல்வதை வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுத் தரை காய்ந்தே இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது விழுந்தால், எங்கே விழுந்தாய் என்று கேட்பதற்கு முன்னால் தூக்குகிற கை வரட்டும். அவர்கள் வலிக்கிறது என்று சொன்னால் அதை நம்புகிற ஒரு ஆளாவது அந்த வீட்டில் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் வாய் அடைபடாமல், பிள்ளை குட்டிகளோடு நிறைந்து நன்றாக இருங்கள்.